மன்னித்தலும் திரும்பிச் செல்லுதலும்

கிறிஸ்தவக் குடும்பமொன்றில் கணவனின் கைக்குத் தப்பி வெளியே வரும் பெண், உறவினரை அடுத்து நாடக்கூடிய முதலாவது வாசல் பல வேளைகளில் மிஷன் வீட்டு வாசலே. பொலிஸ் நிலையத்துக்குச் சென்றால் ஊரறியும். தாய்வீட்டுக்குச் சென்றால் இன்னும் மணமாகாத தங்கையின் எதிர்காலம் நினைவூட்டப்படும். போதகரோ பங்குத் தந்தையோ உறவினருமல்லர், முற்றிலும் அந்நியருமல்லர்; கேட்டதை வெளியிற் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கை அவர்மீது உண்டு. அவ்வாசலில் அவளுக்குக் கிடைக்கும் விடை யாது, கிடைக்கவேண்டிய விடை யாது என்பன வெறுமனே சமூக சேவை பற்றிய வினாக்களல்ல. மன்னிப்பு என்னும் அறக்கருத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதில் தங்கியுள்ள வினாக்கள் அவை.

வழக்கமாகக் கிடைக்கும் விடை யாவரும் அறிந்ததே. பொறுத்துக்கொள்ள வேண்டும், செபிக்க வேண்டும், மன்னித்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இவ்விடையைக் கூறுவோர் கொடியவரல்லர். திருமணம் மனிதரால் பிரிக்கப்படத்தகாதது என்பதையும், எழுபது தரம் ஏழு முறை மன்னிக்குமாறு இயேசு போதித்தார் என்பதையும், சிலுவையைச் சுமப்பதே சீடத்துவம் என்பதையும் உண்மையாகவே நம்பி அவர்கள் அவ்வாறு கூறுகின்றனர். பிள்ளைகளின் நலனும் அவர்கள் மனத்தில் உண்டு. ஆயினும் அவ்விடையின் அமைப்பைச் சற்று உற்று நோக்குமிடத்து ஒன்று புலனாகும். 'மன்னித்துவிடு' என்பதும் 'திரும்பிப் போ' என்பதும் ஒரே மூச்சிற் கூறப்படுகின்றன. முன்னதைச் செய்தவள் பின்னதையும் செய்தே தீரவேண்டும் என்பது போலவும், பின்னதைச் செய்ய மறுப்பவள் முன்னதையும் மறுத்தவள் என்பது போலவும் அவை ஒன்றாகக் கட்டப்படுகின்றன. அந்தக் கட்டு நியாயமானதுதானா?

இது ஓரிரு குடும்பங்களின் தனித்துயர் என்று ஒதுக்கத்தக்கதன்று. இலங்கைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வின்படி, கணவனோடோ துணைவனோடோ வாழ்ந்த பெண்களுள் ஐந்தில் ஒருவர், அதாவது 20.4 வீதத்தினர், தம் வாழ்நாளில் அத்துணைவனால் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு உள்ளானவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து அமரும் பெண்கள் இக்கணக்குக்குப் புறம்பானவர்கள் என்று கருத எவ்வித நியாயமும் இல்லை.

திருச்சபை மரபு இவ்விடயத்தில் ஒரே குரலிற் பேசியதன்று. நான்காம் நூற்றாண்டிலிருந்தே இரு குரல்கள் அதனுள் ஒலித்து வந்துள்ளன. புனித அகுஸ்தீனார் தம் வாழ்க்கை அறிக்கைகளின் ஒன்பதாம் நூலில் தம் தாய் மொனிக்காவைப் பற்றிக் கூறுமிடத்து, அவ்வூர்ப் பெண்கள் சிலர் கணவர் அடித்த தழும்புகளை முகத்திற் சுமந்து வந்து முறையிட்டனர் என்கிறார். மொனிக்கா அவர்களுடைய நாவையே கண்டித்தாள். திருமண ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட அன்றே தாம் அடிமைகளாகிவிட்டதை நினைத்து, தலைவருக்கு எதிராகத் தலையெடாதிருக்குமாறு பாதி விளையாட்டாகவும் பாதி உண்மையாகவும் சொன்னாள். அவளுடைய கணவன் பத்ரீசியுஸ் கடுங்கோபியாயிருந்தும் அவளை ஒருநாளும் அடித்ததில்லையாம். அவளுடைய வழியைப் பின்பற்றிய பெண்களும் நன்மை கண்டனராம். அன்புமிக்க ஒரு மகன் தாயின் பெருமையாக எழுதிவைத்த செய்தி இது. அதைப் பழிப்பது எளிது. ஆனால், வேறு புகலிடம் எதுவுமற்ற ஒரு காலத்தில் அடிபடாமல் தப்புவதற்கு ஒருத்தி கண்டறிந்த உபாயம் அது என்பதையும் மறத்தலாகாது. உபாயமாகப் பிறந்தது பின்வந்தோரால் அறமாக ஆக்கப்பட்டமையே தவறு. அடிபட்டவளின் நாவில் அடியின் காரணத்தைத் தேடும் வழக்கம் இன்றைய ஆலோசனை அறை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

மற்றைய குரல் யோவான் கிறிசோஸ்தோமுடையது. அகுஸ்தீனாரின் சமகாலத்தவரான அவர், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்துக்கு ஆற்றிய இருபத்தாறாம் பிரசங்கத்தில், மனைவியை அடிப்பதால் வரும் அவமானம் அடிக்கப்பட்டவளைச் சேர்வதன்று, அடித்தவனையே சேர்வது என்கிறார். சுயாதீனமுள்ள ஒருவன் வேலைக்காரியை அடிப்பதே இழிவெனின் மனைவியை அடிப்பது எத்தகைய இழிவு என்று கேட்கிறார். வீட்டினுள்ளிருந்து அவளுடைய அலறல் ஒழுங்கைகளில் ஒலிக்க, உள்ளே ஏதோ காட்டுவிலங்கு புகுந்துவிட்டது போல் அயலவரும் வழிப்போக்கரும் ஓடிவரும் காட்சியை அவர் வருணிக்கும்போது, அது அந்தியோக்கியாவா அன்றி நமக்குத் தெரிந்த ஊரா என்ற மயக்கம் உண்டாகிறது. அவ்வாறு நடத்தப்பட்ட பெண்ணை அக்கணவனோடு தொடர்ந்து வாழுமாறு புறச்சமயத்தாரின் சட்டங்களுங்கூட வற்புறுத்துவதில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். கிறிசோஸ்தோம் முற்றாகப் பெண்ணின் பக்கம் நின்றாரென்பதன்று. முரடனான கணவனைப் பொறுத்துக்கொள்ளும்படி மனைவிக்குப் போதிக்கும் பகுதியும் அதே பிரசங்கத்திலேயே உண்டு. எனினும் அவமானத்தின் முகவரியை அவர் மாற்றி எழுதினார். வெட்கத்தால் வாய் திறவாதிருக்கும் பெண்ணுக்கு அம்மாற்றம் சிறியதன்று.

இனி அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்க்கலாம். மன்னிப்பு என்பது பழிவாங்கும் உரிமையைக் கைவிடுதல். அது பாதிக்கப்பட்டவரின் உள்ளத்தில் நிகழ்வது. குற்றவாளி மனந்திரும்பாத போதும் நிகழக்கூடியது. ஒப்புரவு வேறு. முறிந்த உறவு மீளக் கட்டப்படுதலே ஒப்புரவு. அதற்கு இருவர் வேண்டும். தவறிழைத்தவரின் மனமாற்றம் அதற்கு இன்றியமையாதது. ஒரே கூரையின்கீழ் வாழ்தல் மூன்றாவதொன்று. அதற்கு மனமாற்றம் மாத்திரமன்றி, ஆபத்து நீங்கிவிட்டது என்ற நிச்சயமும் வேண்டும். முதலாவதைக் கேட்கத் திருச்சபைக்கு உரிமை உண்டெனக் கொண்டாலும் (காயம் ஆறுமுன் அதைக் கேட்பதும் ஒருவகை வன்முறையே), அதிலிருந்து இரண்டாவதும் மூன்றாவதும் தாமாகப் பிறப்பதில்லை. லூக்கா பதினேழாம் அதிகாரத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசும் இயேசு, முதலிற் கடிந்துகொள்ளுமாறும், மனந்திரும்பினால் மன்னிக்குமாறும் கூறும் ஒழுங்கு பிரசங்கங்களில் அதிகம் எடுத்தாளப்படுவதில்லை. எழுபது தரம் ஏழு மாத்திரம் நினைவில் நின்றுவிட்டது.

இவ்வேறுபாட்டுக்கு வேதாகமத்திலேயே தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. தாவீது சவுலின் மருமகன். சவுலின் வீட்டில், சவுலின் பந்தியில் வாழ்ந்தவன். சவுல் அவனைக் குறிவைத்து ஈட்டியை எறிந்தான். தாவீது வீட்டை விட்டு ஓடினான். பின்னர் இருமுறை சவுலின் உயிர் தாவீதின் கையில் அகப்பட்டது; இருமுறையும் அவன் பழிவாங்காது விட்டான். இதைவிட முழுமையான மன்னிப்பைக் காண்டல் அரிது. இரண்டாம் முறை சவுல் தன் பாவத்தை ஏற்றுக்கொண்டு, இனித் தீங்கு செய்வதில்லை என வாக்களித்து, மகனே என்று விளித்துத் திரும்பி வருமாறு அழைத்தான். அடித்த கணவன் மறுநாட் காலையில் அழுதுகொண்டு பேசும் பேச்சை அறிந்தவர்களுக்கு அக்குரல் பழக்கமானதாயிருக்கும். தாவீது செய்தது யாது? எடுத்திருந்த ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தான், அதுவும் ஒரு வேலையாள் வந்து வாங்கிச் செல்லட்டும் என்றான். இடையில் இருந்த தூரத்தைக் குறைக்கவில்லை. தன் வழியே போய்விட்டான். முதலாம் சாமுவேலின் இருபத்தாறாம் அதிகாரத்தை வாசிக்கும் எவரும் தாவீதை மன்னிக்காதவன் என்று குற்றஞ்சாட்டியதில்லை. அவன் ஆணாகவும் வருங்கால அரசனாகவும் இருந்தமையால் அக்கேள்வி எழவில்லை போலும்.

ஆகாரின் கதையை எடுத்துக்காட்டி இதை மறுப்போர் உளர். சாராயின் கொடுமைக்கு அஞ்சி ஓடிய ஆகாரைத் தேவதூதர் திருப்பி அனுப்பினார் அல்லவா? அனுப்பினார் என்பது உண்மை. அதே நூலின் இருபத்தோராம் அதிகாரத்தில் அவள் மீண்டும் வனாந்தரத்தில் நிற்கும்போது திரும்பிப் போகும்படி ஒருவரும் சொல்லவில்லை. தண்ணீர்த் துரவே காட்டப்பட்டது என்பதும் உண்மை. முதலாவது நிகழ்ச்சியை மாத்திரம் விதியாக்கி இரண்டாவதை மறப்பது வேத விளக்கமாகாது.

சிலுவையைச் சுமத்தல் என்னும் வாதம் இதனினும் கனமானது. ஆயினும் இயேசு தம்மேல் எறியப்படவிருந்த கற்களுக்கு விலகிச் சென்ற சந்தர்ப்பங்களையும் சுவிசேஷகர் எழுதியுள்ளனர். அவர் ஏற்ற துன்பம் தாமே தெரிந்து ஏற்றது. ஒருவர் மற்றொருவர்மீது சுமத்தி, பின் அதைச் சிலுவை என்று பெயரிட்டதன்று. பவுல் தமஸ்குவின் மதிலிலிருந்து கூடையில் இறக்கப்பட்டுத் தப்பினார். எருசலேமில் அவரைச் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, ரோமக் குடியுரிமையை எடுத்துக்கூறி அடியைத் தடுத்தார். பின்னர் இராயனுக்கு மேன்முறையீடும் செய்தார். அடியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சட்டத்தை நாடுவது விசுவாசக் குறைவெனின் அக்குறை பவுலிடமும் இருந்தது. நமது பண்பாட்டிலும் பொறுமைக்கு உவமையாகக் கூறப்படும் கண்ணகியே அரசவை வாயிலில் நின்று நீதி கேட்டவள் என்பதை இவ்விடத்து நினைவுகூரலாம்.

பிரிந்து வாழ்தலைத் திருச்சபைச் சட்டங்கள் அறியாதன அல்ல. கொரிந்தியருக்கு எழுதும் பவுலே பிரிந்துபோன மனைவியின் நிலையை முன்னிட்டுப் பேசுகிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, 1153 ஆம் விதியில், துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலோ ஆன்மாவாலோ பாரதூரமான ஆபத்தை விளைவிப்பவரை விட்டுப் பிரிய மற்றவருக்கு நியாயமான காரணம் உண்டென்கிறது. தாமதத்தால் ஆபத்து நேருமெனின் ஆயரின் ஆணைக்குக் காத்திராமல் தாமே பிரியலாம் என்றும் கூறுகிறது. 2016 இல் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்ற ஊக்கவுரை இன்னும் ஒருபடி சென்று, சில வேளைகளிற் பிரிவு ஒழுக்க ரீதியில் அவசியமாகவும் ஆகலாம் என்று ஏற்றுக்கொண்டது. ஆக, திருமணத்தின் நிலைபேற்றைக் காப்பதற்காக ஒருத்தியை அடிக்குள் அனுப்புவோர் தம் சபையின் சட்டத்தையே அறியாதவராவர்.

அவ்வாறாயின் அவள் எங்கே போவாள்? மூப்பர் சபையில் முதலில் எழும் வினா இதுவே. ஆனால் இவ்வினாவே பிழையான இடத்தில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத் தமிழரிடையே வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்கப்படுதல் நெடுங்கால வழக்கம். தேசவழமை சமயம் பார்ப்பதில்லை. வட மாகாணத் தமிழராகிய கிறிஸ்தவருக்கும் அதுவே பொருந்தும். ஆகவே அடிபட்டவள் நள்ளிரவில் விட்டு ஓடும் வீடு பல சந்தர்ப்பங்களில் அவளுடைய பெயரிலேயே உள்ள வீடு. அசையாச் சொத்தை அவள் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்று 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்திருப்பதால், அவ்வீடு அவளுக்கு உரியதாயிருந்தும் பயன்படாததாகிறது. எனினும் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வேறொரு வழியைத் திறந்துள்ளது. நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவள் சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். வன்முறை புரிந்தவர் வீட்டினுட் புகுவதை நீதிமன்றம் தடைசெய்யலாம். உடனடி ஆபத்திருப்பின் இடைக்காலக் கட்டளையும் பெறலாம். அவள் எங்கே போவாள் என்று கேட்கும் மூப்பர்கள், அவன் ஏன் போகக்கூடாது என்று கேட்பதற்குச் சட்டம் இடமளித்து இருபது ஆண்டுகள் ஆகின்றன.

சபை செய்யக்கூடிய உதவி பெரும்பாலும் எளியது. ஆனால் சில பழக்கங்களைக் கைவிட்டாலன்றி அதைச் செய்ய முடியாது. அவற்றுள் முதலாவது, கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் இருத்தி 'இரு பக்கமும்' கேட்டல். மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில், தவறிழைத்த சகோதரனிடம் தனியே சென்று பேசுமாறு கூறப்படும் ஒழுங்கை ஆதாரங்காட்டி இது செய்யப்படுகிறது. அவ்வொழுங்கு சமமானவர்களுக்கு உரியது. அடிக்குப் பயந்தவள் அடிப்பவனின் முன்னிலையிற் பேசும் பேச்சு சாட்சியமாகாது; உண்மையைப் பேசினாலோ அதற்குரிய விலையை அன்றிரவே வீட்டிற் செலுத்த நேரும். அவள் வந்துபோனதைக் கணவனிடம் 'நல்லெண்ணத்துடன்' பிரஸ்தாபிப்பதும் அத்தகையதே. அவளைத் தனியே கேட்க வேண்டும். சபையின் விவேகமுள்ள பெண்ணொருவர் உடனிருந்து கேட்பது மேலும் நல்லது. முதல் வினா 'நீ என்ன சொன்னாய்' என்பதாக இராது, 'இன்றிரவு வீட்டிற்குப் போவது உனக்குப் பயமா' என்பதாக இருத்தல் வேண்டும். பயம் என்று அவள் கூறினால் அதை மிகையென்று தட்டிக்கழிக்கும் தகுதி எவருக்கும் இல்லை. அவனுடைய கையின் பாரத்தை அறிந்தவள் அவள் ஒருத்தியே.

அதன்பின் வருவன கைவேலைகள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், வீட்டு உறுதி ஆகியவற்றின் பிரதிகளைச் சபை அலுவலகத்திற் பத்திரமாக வைத்தல். காயமிருப்பின் வைத்தியசாலைக்குக் கூடச் சென்று, காயம் எவ்வாறு உண்டானது என்பதை மறைக்காது சொல்லத் துணைநிற்றல். அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் இதற்கென்றே 'மித்துரு பியச' அல்லது 'நட்பு நிலையம்' இயங்குவதையும், மகளிருக்கான 1938 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அறிந்து வைத்திருத்தல். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமற்றவளுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் வாசலைக் காட்டுதல். வழக்குத் தவணைகளின்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுதல். கூரை திருத்தவும் ஒலிபெருக்கி வாங்கவும் நிதி சேர்க்கும் சபைக்கு, ஒரு குடும்பத்தின் மூன்று மாதச் செலவைத் தாங்கும் சிறு நிதியொன்றைப் பேணுவது இயலாத காரியமன்று. போதகருக்கும் இவற்றையெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய நியதி இல்லை. தெரிந்தவரிடம் கையளிப்பதே அவருடைய கடமை. தாமே உளவளத்துணையாளராகவும் நீதவானாகவும் மாற முனையும்போதே அனர்த்தங்கள் நேருகின்றன.

கணவனைப் பற்றி என்ன? அவனும் சபையின் அங்கத்தவனே, கைவிடத்தக்கவனல்லன். ஆனால் அவனுக்குச் சபை செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு, அவனுடைய கண்ணீரை மனந்திரும்புதலாக ஏற்றுக்கொள்வது. சகேயு மனந்திரும்பியபோது அழுததாக எழுதப்படவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகக் கூறினான் என்றே எழுதப்பட்டுள்ளது. நீதிமன்றக் கட்டளைக்கு முணுமுணுப்பின்றி அமைதல், பிரிந்திருக்கும் மனைவி பிள்ளைகளின் செலவை ஒழுங்காகக் கொடுத்தல், தான் செய்ததை 'அவள் வாய் காட்டினாள்' என்ற அடைமொழியின்றி ஒப்புக்கொள்ளுதல், அவள் திரும்பி வரவேண்டும் என்று தூதனுப்பாதிருத்தல் என்பனவே காலத்தாற் சோதிக்கப்படக்கூடிய அடையாளங்கள். குடிதான் காரணம், குடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறி மதுவிலக்கு உறுதியோடு அவனை அனுப்பிவிடும் சபைகளும் உண்டு. குடி பெருங்கேடுதான், ஆயினும் வெறியில் மனைவியை அடிப்பவன் அதே வெறியிற் தன் மேலதிகாரியை அடிப்பதில்லை. மேலும், அவளுக்குத் துணைநிற்பவரே அவனுக்கும் ஆலோசகராக இருத்தலாகாது. சிறிய சபையில் ஒரே போதகர்தான் உள்ளாரெனின், இருவருள் ஒருவரின் பொறுப்பை அயற்சபைப் போதகர் ஏற்கலாம்.

அவன் மூப்பனாகவோ பாடகர் குழுத் தலைவனாகவோ இருப்பின் சபையின் மெய்யான சோதனை அங்கேதான் தொடங்குகிறது. விபசாரக் குற்றம் வெளிப்பட்டால் அன்றே அவனைப் பதவியிலிருந்து விலக்கத் தயங்காத சபை, மனைவியை அடித்தமை தெரியவந்தால் அதைக் 'குடும்ப விடயம்' என்று பெயரிட்டு ஒதுக்குமாயின், எந்தப் பாவத்தைப் பாவமாகக் கருதுகிறது என்பதை அது தானே அறிவித்துவிடுகிறது. திருமண ஆராதனையில் எபேசியர் நிருபத்தை வாசிப்போர், மனைவியருக்குரிய வசனத்திலன்றி அதற்கு முந்திய வசனத்தில், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுமாறு யாவருக்கும் கூறப்பட்ட இடத்தில், தொடங்கினாலே ஓரளவு நன்மை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் இவ்விடயத்தைப் பெயர் சொல்லிப் பிரசங்கித்தால், பின்வரிசையில் மௌனமாயிருக்கும் ஒருத்தி வாய் திறக்கலாமென்று அறிந்துகொள்வாள்.

இறுதியாக எழுவது மிகச் சிறியதெனத் தோன்றும் ஒரு நடைமுறைச் சிக்கல். பிரிந்து வாழும் இருவரும் ஒரே ஆலயத்துக்குரியவர்கள். ஞாயிறு காலையில் அவன் வழக்கமான ஆசனத்தில் அமர்ந்திருக்கிறான். அவனுடைய நண்பர்கள் கைகுலுக்குகின்றனர். அவள் இரண்டொரு வாரம் பின்வரிசையில் அமர்ந்து பார்க்கிறாள். பின்னர் வராமல் விடுகிறாள். பிள்ளைகளும் ஞாயிறு பாடசாலையிலிருந்து நின்றுவிடுகின்றனர். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. பாதுகாப்புக் கட்டளை பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத காலத்துக்கே வழங்கப்படுவது. அதற்குள்ளாகவேனும் மூப்பர்கள் ஒருநாள் கூடி, மாலை ஆராதனைக்கோ அடுத்த ஊர் ஆலயத்துக்கோ செல்ல வேண்டியவன் அவனே என்று தீர்மானித்து, அத்தீர்மானத்தை இருவர் நேரிற் சென்று அவனிடம் கூறி, அவளுடைய வீட்டுக்கும் இருவர் சென்று அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு வருமாறு அழைக்கலாம்.